வேண்டாத வழக்கைச் சொல்லும் வக்கீல்

மதுரை தல்லாகுளத்தில் கல்யாண மண்டபம் எது தோதுப்படும் என்று டீக்கடையில் நின்றபடியே சத்தமாகக் கேட்கலாம். நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். அதே கல்யாணம் முறிந்து, எந்த வக்கீலைப் பார்ப்பது என்று கேட்கும் நிலை வந்தால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. சித்தப்பாவின் மருமகன் ஐகோர்ட்டில் இருக்கிறாராம், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு வக்கீலம்மா கேஸ் நடத்திக் கொடுத்தாராம் என்று காதோடு காதாக வருகிற சேதிதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கிற வழிகாட்டுதல். அது போதாமல் போனை எடுத்துத் தேடினால், நட்சத்திரக் குறிகளோடு ‘மதுரையின் முதல் பத்து விவாகரத்து வக்கீல்கள்’ என்று பட்டியல் வந்து விழுகிறது.

அந்தப் பட்டியலைப் பற்றி உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, வக்கீல்களுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்துவது தொழிலுக்கே இழுக்கு என்று 2024 ஜூலை 3-ம் தேதி நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பவும் இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. விதி ஒன்றும் புதிதல்ல. பார் கவுன்சிலின் 36-வது விதிப்படி வக்கீல் ஆள் பிடிக்கக் கூடாது, விளம்பரம் கூடாது, பெயர்ப்பலகை அளவாக இருக்க வேண்டும், இன்ன வகை வழக்கில் நிபுணர் என்று அதில் எழுதிக்கொள்ளவும் கூடாது. 2008-ல் வந்த திருத்தம், சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகளை எடுக்கிறார் என்பது போன்ற விவரங்களைப் போட மட்டும் இடம் கொடுத்தது. ஆகவே ‘டைவர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்டியவரைக் கண்டால், வாசலிலேயே விதியை மீறியவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த விதி தொழிலின் மானத்தைக் காக்கிறது, சரி. கட்சிக்காரருக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். யார் எந்த வழக்கில் தேர்ந்தவர் என்பதை அறிய நேர்வழி இல்லாதபோது, ஜாதிக்காரர், ஊர்க்காரர், அரசியல் கட்சிக்காரர் என்று ஆள் தேடுவது இயல்பாகிவிடுகிறது. வேறு வழி உண்டு. வக்கீலைத் தேடும் முன், தன் வழக்கு எது, எத்தனை என்பதைத் தெரிந்துகொள்வதுதான் அது.

குடும்பத் தகராறு ஒன்றே ஒன்றுதான். கோர்ட்டுக்குள் நுழைந்ததும் அது ஐந்தாகப் பிரிகிறது. விவாகரத்து மனு, கோர்ட் பாஷையில் எச்.எம்.ஓ.பி., குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும். ஜீவனாம்சம் கேட்கும் எம்.சி. வழக்கும் அங்கேதான், முன்பு 125-வது பிரிவு என்று ஊருக்கே தெரிந்திருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. அடி உதைக்குப் பாதுகாப்போ, புகுந்த வீட்டில் தங்கும் உரிமையோ வேண்டுமென்றால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட். வரதட்சணைக் கொடுமை என்று தல்லாகுளம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் அது கிரிமினல் வழக்கு. பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்குத் தனி மனு.

ஐந்து வழக்கென்றால் ஐந்து வாய்தா, ஐந்து ஃபீஸ். ‘நாலு பக்கமும் போட்டு நெருக்கினால் மாப்பிள்ளை வீட்டார் தானாக வழிக்கு வருவார்கள்’ என்று முதல் நாளே அத்தனை மனுவுக்கும் கையெழுத்து வாங்குகிற வக்கீல் உண்டு. காயம்பட்ட மனதுக்கு அந்தப் பேச்சு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும். எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது. சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி ஒரு மனு, மாமனார் மாமியார் பேரில் முன்ஜாமீன், குழந்தையைப் பார்க்க ஒரு மனு என்று அங்கிருந்தும் வரிசையாக வரும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் தம்பதி பிரிந்தபாடில்லை. கேஸ் கட்டுகள்தான் பெருத்திருக்கும்.

வழக்கு கூடினால் ஜீவனாம்சப் பணமும் கூடும் என்று நினைப்பதும் தவறு. 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எத்தனை சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்டாலும், முன்பு கேட்டதையும் கிடைத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் உத்தரவான தொகையை அடுத்த இடத்தில் கணக்கில் கழிப்பார்கள். கணவன் மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. வாடகை வருமானத்தையோ பாங்கு டெபாசிட்டையோ மறைத்து எழுதச் சொல்லும் வக்கீல் தன் கட்சிக்காரரைத்தான் குழியில் தள்ளுகிறார். குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்கப்போவது அவரல்ல.

அதனால், முதல் சந்திப்பில் வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘என்னென்ன கேஸ் போடலாம்?’ என்பதல்ல. ‘எந்தக் கேஸ் எனக்கு வேண்டாம்? ஏன்?’ என்பதுதான். உயிருக்கு ஆபத்து, அடிதடி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற நிலையில் வன்முறைச் சட்ட மனுவும் போலீஸ் புகாரும் அவசியம். அதில் தயங்கும் வக்கீலும் உதவ மாட்டார். ஆனால் ‘உங்கள் விஷயத்தில் இது தேவையில்லை, இரண்டு மனு போதும்’ என்று காரணத்தோடு சொல்லி, வரவேண்டிய ஃபீஸைத் தானே குறைத்துக்கொள்பவர் கிடைத்தால், அவரிடம் ஆற அமர உட்கார்ந்து பேசலாம்.

எந்த ஊர் வக்கீல் என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. கல்யாணம் சென்னையில் நடந்திருக்கும், குடித்தனம் பெங்களூரில் இருந்திருக்கும், பெண் இப்போது தல்லாகுளத்தில் தாய் வீட்டில் இருப்பாள். இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவில் 2003-ல் சேர்த்த திருத்தப்படி, மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். அதற்குள் கணவர் பெங்களூரில் போட்டுவிட்டால் அதை மதுரைக்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். சென்னையில் போட்டிருந்தால் உயர் நீதிமன்றமே மாற்றிவிடும். யார் முந்திப் போடுவது என்ற ஓட்டத்துக்குக் காரணம் இதுதான்.

மதுரைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. மேலூர் ரோட்டில் மாவட்ட நீதிமன்ற வளாகம். அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் 2004 ஜூலை 24-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை. விசாரணையும் மேல்முறையீடும் ஒரே ரோட்டில் முடிந்துவிடும். இதே வசதியால் ஒரு மயக்கமும் வருகிறது. ‘ஐகோர்ட் வக்கீல்’ என்றால் ஒரு படி மேல் என்று நினைத்து, அங்கே பெயரெடுத்த சீனியரிடம் போய் வக்காலத்து கொடுப்பார்கள். வழக்கோ குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கும். சீனியர் உலகநேரியில் இருக்கும் அந்தக் கிளையில் வாதாடிக்கொண்டிருக்க, இங்கே வாய்தா வாங்க ஜூனியர் வந்து நிற்பார். ஜூனியர் வருவது குற்றமில்லை. பல நேரம் அவர்தான் கேஸ் கட்டை முழுசாகப் படித்தவர். ஆனால் ‘என் கேஸ் கூப்பிடும்போது யார் எழுந்து நிற்பார்? குறுக்கு விசாரணையை யார் செய்வார்?’ என்று முன்கூட்டியே கேட்டு, அந்த ஆளையும் பார்த்துப் பேசிவிட வேண்டும்.

குடும்பநல நீதிமன்றம் மற்ற கோர்ட் மாதிரியும் அல்ல. 1984-ம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வதை அங்கே உரிமையாகவே தரவில்லை. நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது என்றாலும், சட்டத்தின் எண்ணம் என்னவென்றால் அது கணவன் மனைவி பேசித் தீர்க்கும் இடம். சமரசத்துக்கு முயற்சி எடுப்பது கோர்ட்டின் கடமை என்று 9-வது பிரிவு சொல்கிறது. கவுன்சலிங் அறையில் வக்கீல் பக்கத்தில் உட்கார மாட்டார், உட்காரப்போவது நீங்கள். ‘கவுன்சலிங் எல்லாம் சும்மா, போய்த் தலையை ஆட்டிவிட்டு வாருங்கள்’ என்பவரைவிட, அங்கே என்ன கேட்பார்கள், எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று அரை மணி நேரம் சொல்லி அனுப்புகிறவர் மேல்.

மதுரை வட்டாரத்தில் இன்னொரு சிக்கல். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து, நகை சீரைத் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் ‘இனி ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடுவதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ‘தீர்த்துவிட்டாச்சு’ என்று எழுந்து போவது கிராமப்புறத்தில் இன்றும் உண்டு. வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள். மறுமணம் இரண்டாம் தாரக் குற்றமாகிவிடும். காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய பிரிவினைக் கடிதமும் அப்படித்தான். விவாகரத்து கொடுக்கப் போலீசுக்கு அதிகாரமில்லை. இதையெல்லாம் ‘நோட்டரி போட்டுத் தருகிறேன், கோர்ட்டுக்கே போக வேண்டாம்’ என்று சுலபமாக்கிக் காட்டுபவரிடம் நின்று பேச வேண்டாம்.

சட்டம் மதத்துக்கு மதம் மாறுவதையும் வக்கீல் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ம் ஆண்டின் அந்தச் சட்டம். முஸ்லிம்கள் விஷயத்தில் மதுரைக் கிளையே 2024 அக்டோபரில் முக்கியமான தீர்ப்பொன்றைத் தந்தது: மனைவி தலாக்கை மறுத்தால் கணவர் கோர்ட்டுக்கு வந்துதான் நிரூபிக்க வேண்டும், ஷரீஅத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். சுயமரியாதைத் திருமணம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. தாலி, அக்னி இல்லாத கல்யாணத்துக்கு அழைப்பிதழும் போட்டோவும் பதிவுச் சான்றும்தான் சாட்சி.

இருவரும் ஒத்துப் பிரிவது, ஊரார் சொல்லும் ‘மியூச்சுவல்’, சுலபமான வழக்கு என்று பெயரெடுத்தது. வக்கீலின் தரம் பளிச்சென்று தெரிவதும் இதில்தான். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் பொறுத்து இரண்டாவது தடவை சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் நினைத்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘நினைத்தால்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஒரே மாசத்தில் வாங்கித் தருகிறேன்’ என்ற வாக்குறுதியை யாரும் கொடுக்க முடியாது. அதே போல ‘சேர்ந்து வாழவே முடியாது என்று ஆகிவிட்டது, அதைச் சொன்னால் போதும்’ என்பதும் பொய்த் தைரியம். மணவாழ்வு மீள முடியாதபடி முறிந்தது என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவு தரும் அதிகாரத்தில் அப்படித் தீர்ப்பளிக்கலாம் என்று 2023 மே 1-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. மதுரைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மியூச்சுவலில் உயிர்நாடி, சமரச நிபந்தனைகள் எழுதிய அந்த இரண்டு மூன்று பக்கம். அனுபவமில்லாதவர் ‘நகைகள் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதுவார். தேர்ந்தவர் ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை ஜோடி, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று வரிவரியாக எழுதுவார். ஜீவனாம்சத் தொகை மொத்தமாகவா, தவணையா, டி.டி. முதல் தடவை கோர்ட்டுக்கு வரும்போதா, கடைசியில் தீர்ப்பன்றா என்று குறித்திருப்பார். பிள்ளையைப் பார்க்க வரும் தகப்பன் எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்று இருக்கும். பள்ளி ஃபீஸ் யார் கட்டுவது என்றும் இருக்கும். மிக முக்கியமாக, நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள் என்னாகும் என்று இருக்கும். வரதட்சணைக் கொடுமை வழக்கை ‘வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்’ என்று எழுதினால் மட்டும் அது தீராது. சமரசமாகிவிட்டது என்று காட்டி உயர் நீதிமன்றக் கிளையில் ரத்து செய்ய மனுப் போட வேண்டும். இதை மறந்துவிட்டால், விவாகரத்து முடிந்து மறுமணமும் ஆனவருக்குத் திடீரென்று சம்மன் வரும். சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் விட்டுப்போன வரியைப் பிறகு சேர்ப்பதும் கடினம். இரு வீட்டாரும் ஒரே வக்கீலை வைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. குறைந்தபட்சம் அந்த நிபந்தனைப் பக்கங்களையாவது கையெழுத்துக்கு முன் வேறொரு வக்கீலிடம் காட்டிவிட வேண்டும்.

இனி ஆளைச் சோதிக்கும் வழி. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மதுரை மாவட்டத்தைத் தேர்ந்து, வழக்கு நிலவரப் பகுதியில் வக்கீல் பெயரைப் போட்டால் அவர் நடத்தும் வழக்குகள் வரிசையாக வரும். குடும்பநல நீதிமன்றத்தில் அவருக்கு வழக்கு உண்டா, எந்தெந்த வருஷத்து வழக்குகள் நிலுவையில் கிடக்கின்றன என்பதைப் பார்க்கலாம். இது மார்க் ஷீட் அல்ல. தாமதத்துக்கு எதிர்த்தரப்பும் காரணமாக இருக்கலாம். ஆனால் வருஷத்துக்கு நூறு டைவர்ஸ் கேஸ் நடத்துகிறேன் என்பவருக்கு அங்கே ஒன்றுகூட இல்லையென்றால் அது ஒரு சேதிதான். தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பதும் தவறில்லை. ஏற்கெனவே இரு வீட்டுக்கும் பொதுவாகப் பஞ்சாயத்து பேசியவர் வக்கீலாக இருந்தால் அவரைத் தவிர்ப்பது நல்லது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதியும் இருக்கிறது.

முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கல்யாணத் தேதி, பிரிந்த தேதி, கடைசியாக எந்த வீட்டில் சேர்ந்து இருந்தீர்கள், பிள்ளையின் வயது, இருவர் சம்பளம், ஏற்கெனவே எங்காவது புகார் உண்டா. இந்தக் கேள்விகள் பத்து நிமிஷத்துக்குள் வர வேண்டும். இவை எதையும் கேட்காமல் வக்காலத்தை நீட்டுபவரிடம் நிதானம் தேவை. வக்காலத்து என்பது கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிய ஒரே தாள். அதில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தில், உங்கள் சார்பில் சமரசம் பேச, வழக்கை வாபஸ் வாங்க, பணம் பெற்றுக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதிகாரம் கொடுக்கும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடலாம். ‘பிறகு டைப் அடித்துக்கொள்கிறோம்’ என்று நீட்டும் வெற்றுத் தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்து வேண்டாம்.

ஃபீஸ் விஷயத்தில் வெட்கப்படுகிறவர்கள் பிறகு அதிகம் கொடுக்கிறார்கள். மனுவுக்கு மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, இடைக்கால மனுக்களுக்குத் தனியா, குமாஸ்தா செலவு யார் பொறுப்பு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கலாம். ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது சட்டவிரோதம். வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 20. சதவீதக் கணக்கில் ஃபீஸ் கேட்பது தவறு என்று 2017-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை ஒட்டிச் சொன்னது. கையில் காசில்லாத தரப்பு, வழக்குச் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் மறுதரப்பிடமிருந்து இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் கேட்கலாம்.

அதுவும் முடியாதென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. ஆசிரியை, நர்ஸ், வங்கி ஊழியர் யாராக இருந்தாலும் சரி. உதவி எண் 15100. இலவசம்தானே என்ற இளக்காரம் மதுரையில் கொஞ்சம் அதிகம். அந்தப் பட்டியலில் இருக்கும் இளம் வக்கீல்கள் பலர் குடும்பநல நீதிமன்றத்தில் தினமும் நிற்பவர்கள், அந்தக் கோர்ட்டின் நடைமுறை அத்துப்படியானவர்கள்.

வக்கீல் சரியில்லை என்று பாதியில் தெரிந்தால் மாற்றலாம். பழைய வக்கீலிடம் ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதி வாங்குவது வழக்கம். தர மறுத்தால் கோர்ட்டிடமே அனுமதி கேட்கலாம். ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-ம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 2024 மே 14-ம் தேதித் தீர்ப்பு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. புகார் என்றால் வக்கீல்கள் சட்டத்தின் 35-வது பிரிவில் பார் கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் வக்கீலுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடியாமல் மறுமணம் கூடாது; பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற, ரேஷன் கார்டைப் பிரிக்க, பிறகு வரும் வரனிடம் காட்ட, எல்லாவற்றுக்கும் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். நகலுக்கு மனுப் போட்டு வாங்கித் தருவதும் ஃபீஸில் அடக்கமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.